ஜாங்கோவின் குரூப் பெர்மிஷன்: நெல் மண்டி மென்பொருளுக்கு எதுவரை தாங்கும்?

அம்பாசமுத்திரத்தில் நெல் மண்டி, சேர்மாதேவியில் ஒரு கொள்முதல் கிளை, பேட்டையில் கிடங்கும் அரவை ஆலையும். இப்படி மூன்று இடத்தில் தொழில் நடத்துபவருக்கு வலை மென்பொருள் எழுத உட்கார்ந்தால், திரைகளைப் பற்றிப் பேசி முடிப்பதற்குள் உரிமையாளர் கேட்டுவிடுவார்: யார் எதைத் தொடலாம்? எடைமேடையில் நிற்பவர் எடைச்சீட்டு போடலாம், விலையைத் தொடக் கூடாது. கணக்குப்பிள்ளை பட்டுவாடா போடலாம், ரசீதை அழிக்கக் கூடாது. சேர்மாதேவி ஆள் அம்பை (அம்பாசமுத்திரம்) ரசீதைப் பார்க்கவே கூடாது.

பைத்தானில் வலை மென்பொருள் எழுத உதவும் சட்டகமான ஜாங்கோவில் இதற்கென்று கையோடு வருவது குரூப் பெர்மிஷன் அமைப்பு, அதாவது ஆட்களைக் குழுவாகப் பிரித்து உரிமை கொடுக்கும் ஏற்பாடு. அதைத்தான் இங்கே எடைபோடுகிறோம். கணக்கில் எடுத்தது 5.2 பதிப்பு. 2025 ஏப்ரலில் வந்த நீண்டகால ஆதரவுப் பதிப்பு அது. பாதுகாப்புத் திருத்தங்கள் 2028 ஏப்ரல் வரை கிடைக்கும். பிஎஸ்டி உரிமம், காசு ஏதும் இல்லை. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். மேலே சொன்ன மூன்றில் முதல் இரண்டையும் இந்த அமைப்பு கச்சிதமாகச் செய்துவிடும். மூன்றாவதை அது தொடவே தொடாது. நீங்கள் தனியே எழுத வேண்டும். இன்னொன்று: பிழை நடந்தால் இது சத்தம் போடாது. "இல்லை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேசாமல் நிற்கும். இந்தக் குணம் தெரியாமல் பயன்படுத்துபவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஜாங்கோ பிறந்தது அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில், லாரன்ஸ் ஜர்னல்-வேர்ல்டு என்ற செய்தித்தாள் அலுவலகத்தில், 2003-இல். 2005-இல் பொதுவெளிக்கு வந்தது. ஒரே செய்தி அறை. செய்தி சேர்ப்பவர், திருத்துபவர், நீக்குபவர் என்ற வேலைப் பிரிவு. அந்த வார்ப்பு இன்றைக்கும் இந்த அமைப்பில் தெரிகிறது. வேலையைப் பிரிக்கத் தெரியும். ஊரைப் பிரிக்கத் தெரியாது.

பெட்டிக்குள் இருப்பது

யூசர், குரூப், பெர்மிஷன் என்று மூன்று அட்டவணைகள். இவற்றை இணைக்க மேலும் மூன்று: யூசருக்கு எந்தெந்த குரூப், குரூப்புக்கு எந்தெந்த பெர்மிஷன், யூசருக்கு நேரடியாகக் கொடுத்த பெர்மிஷன். ஒவ்வொரு மாடலுக்கும் (டேட்டாபேஸ் அட்டவணை ஒன்றை நிரலில் குறிக்கும் கிளாஸ்) ஆட் (சேர்க்க), சேஞ்ச் (திருத்த), டெலிட் (அழிக்க), வியூ (பார்க்க) என்று நான்கு பெர்மிஷன்கள் தாமாகவே உருவாகும். வியூ மட்டும் பிற்பாடு, 2018-இல் வந்த 2.1 பதிப்பில் சேர்ந்தது. மண்டி மென்பொருளில் எடைச்சீட்டு, ரசீது, விலை, பட்டுவாடா, ரகம், கிளை என்று 12 மாடல்கள் இருந்தால் 48 பெர்மிஷன்கள். அச்சிடுதல், விலையை ஒப்புக்கொள்ளுதல் மாதிரி இந்த நான்கில் அடங்காத வேலைக்கு, மாடலின் மெட்டா பகுதியில் பெர்மிஷன்ஸ் என்று எழுதி மைக்ரேஷன் (மாடலுக்கேற்ப டேட்டாபேஸை மாற்றும் கோப்பு) ஓட்டினால் போதும்.

இந்த அளவு தொழிலுக்கு நான்கு குரூப் சரியாக இருக்கும்: எடைமேடை, கொள்முதல், கணக்கு, மேலாளர். எடைமேடைக்கு எடைச்சீட்டில் ஆட், வியூ. ரகத்தில் வியூ மட்டும், அம்பை 16-ஐயும் மற்ற ரகங்களையும் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்தால் போதுமே. கொள்முதலுக்கு ரசீதில் ஆட், சேஞ்ச், வியூ, விலையில் வியூ. கணக்குக்குப் பட்டுவாடாவில் ஆட், சேஞ்ச், வியூ, ரசீதில் வியூ. விலையை மாற்றும் உரிமை மேலாளருக்கு மட்டும். டெலிட்டை யாருக்கும் கொடுக்க வேண்டாம். தவறாகப் போட்ட ரசீதை ரத்து செய்ய ஒரு நிலைப் புலம் வைத்துக்கொள்ளுங்கள். நெல் போட்ட சம்சாரி கையில் ரசீது இருக்கும்போது, கணக்கில் அந்த எண்ணே இல்லாமல் போவது பெரிய தகராறில் கொண்டுபோய் விடும்.

குரூப்புக்குள் குரூப் கிடையாது. மேலாளர் என்பவர் கொள்முதலும் கணக்கும் சேர்ந்தவர் என்று எழுத இடமில்லை. மேலாளரை மூன்று குரூப்பிலும் சேர்க்க வேண்டும், அல்லது எல்லா பெர்மிஷனையும் மேலாளர் குரூப்பில் திரும்ப அடுக்க வேண்டும். முதல் வழியே நல்லது. பெர்மிஷன்கள் எல்லாம் கூட்டல் கணக்கு. கன்னடியன் கால்வாயிலிருந்தும் மழையிலிருந்தும் ஒரே குளத்தில் சேர்ந்த தண்ணீர் மாதிரி, எது எங்கிருந்து வந்தது என்று பிரிக்க முடியாது, ஒன்றை மட்டும் வடிக்கவும் முடியாது. "கொள்முதல் குரூப்பில் இருக்கட்டும், ஆனால் இந்த ஒருவருக்கு மட்டும் சேஞ்ச் வேண்டாம்" என்று உரிமையாளர் சொன்னால், அந்த ஒருவருக்காகச் சிறு குரூப் ஒன்றைப் பிரித்துத்தான் ஆக வேண்டும். மறுக்கும் வழி ஒன்று உள்ளே இருக்கிறது: உங்கள் சொந்த ஆத்தென்டிகேஷன் பேக்கெண்டை (யூசரையும் உரிமையையும் சரிபார்க்கும் பகுதி) பட்டியலில் முதலில் வைத்து, அது பெர்மிஷன்டிநைட் பிழையை எழுப்பினால், அடுத்த பேக்கெண்டுகளைக் கேட்காமலே ஜாங்கோ மறுத்துவிடும். சிறு மென்பொருளுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

சோதிக்கும் வழி

சோதனைக்கான கேள்வி ஒன்றே: யூசரின் ஹேஸ்_பெர்ம். அதற்குக் கொடுக்கும் சொல்லில் முதலில் ஆப் பெயர், ஒரு புள்ளி, பிறகு வேலை, அடிக்கோடு, சிறிய எழுத்தில் மாடல் பெயர்: "மண்டி.சேஞ்ச்_ரசீது" என்கிற வடிவம். யூசரின் நேரடி பெர்மிஷனையும் குரூப் வழி வந்ததையும் சேர்த்துப் பார்த்து ஆம், இல்லை என்று சொல்லும். முதல் முறை கேட்கும்போது டேட்டாபேஸுக்கு இரண்டு குவரி போகும், நேரடி பெர்மிஷனுக்கு ஒன்று, குரூப்புக்கு ஒன்று. அதன்பின் அதே வேண்டுகோள் முடியும்வரை எத்தனை முறை கேட்டாலும் நினைவிலிருந்தே பதில் வரும். ஒரே பக்கத்தில் முப்பது பொத்தானுக்கு முப்பது முறை கேட்டாலும் செலவு அதே இரண்டு குவரிதான். வேகத்தைப் பற்றி இங்கே குறை சொல்ல ஒன்றுமில்லை.

இந்த நினைவு யூசர் ஆப்ஜெக்டோடு ஒட்டியிருப்பது. அடுத்த வேண்டுகோளில் யூசர் புதிதாக எடுக்கப்படுவதால், குரூப்பிலிருந்து ஒருவரை நீக்கினால் அவருடைய அடுத்த சொடுக்கிலேயே அது நடைமுறைக்கு வந்துவிடும். அவரை வெளியேற்றித் திரும்ப உள்ளே விட வேண்டியதில்லை. தேவையான இடத்தில் இது மிகவும் உதவும் குணம். ஆனால் டெஸ்ட் எழுதும்போதும், பின்னணியில் நெடுநேரம் ஓடும் வேலைகளிலும் இதுவே கண்ணைக் கட்டும். குரூப்பை மாற்றிவிட்டு அதே ஆப்ஜெக்டைக் கேட்டால் பழைய பதில்தான் வரும். ரெஃப்ரெஷ்_ஃப்ரம்_டிபி அழைத்தாலும் இந்த நினைவு அழியாது. யூசரை எண்ணால் டேட்டாபேஸிலிருந்து மறுபடி எடுப்பது ஒன்றே வழி.

குரூப் வழியாக மட்டும் என்ன கிடைத்திருக்கிறது என்று தெரிய கெட்_குரூப்_பெர்மிஷன்ஸ் இருக்கிறது. இதில் ஒரு கண்ணி: சூப்பர்யூசரிடம் (எல்லா உரிமையும் உள்ளவர்) கேட்டால், அவர் எந்தக் குரூப்பிலும் இல்லாவிட்டாலும் இருக்கிற எல்லா பெர்மிஷனையும் பட்டியல் போட்டுக் கொடுக்கும். குரூப் அமைப்பு சரியாக உள்ளதா என்று பார்க்க சூப்பர்யூசர் எதற்கும் உதவமாட்டார். நேரடியாகக் கொடுத்தது எது என்று பிரித்துப் பார்க்க 3.0 முதல் கெட்_யூசர்_பெர்மிஷன்ஸ் உண்டு. மண்டி மென்பொருளில் இது காலியாக இருப்பதே ஆரோக்கியம். அவசரத்தில் ஒருவருக்கு நேரடியாகக் கொடுத்த பெர்மிஷன், அவர் எடைமேடைக்கு மாறிய பிறகும் அவரோடேயே போகும்.

குரூப்பிடமே "உன்னிடம் இந்த உரிமை உண்டா" என்று கேட்க ஹேஸ்_பெர்ம் கிடையாது. குரூப்பின் பெர்மிஷன்ஸ் உறவை ஃபில்டர் செய்து, எக்ஸிஸ்ட்ஸ் போட வேண்டும். அப்படி ஃபில்டர் செய்யும்போது கோட்நேம் ("சேஞ்ச்_ரசீது" போன்ற பெயர்) மட்டும் கொடுத்தால் போதாது, கன்டென்ட்டைப் (எந்த ஆப்பின் எந்த மாடல் என்று குறிப்பது) வழியாக ஆப் பெயரையும் கொடுங்கள். மண்டி ஆப்பிலும் ஆலை ஆப்பிலும் ரசீது என்ற மாடல் இருந்தால் கோட்நேம் இரண்டுக்கும் ஒன்றே. ஆலை ரசீதின் உரிமையைப் பார்த்துவிட்டு மண்டி ரசீதுக்கு ஆம் என்று சொல்லிவிடும்.

உரிமையாளருக்கு மிகவும் பிடிக்கும் கேள்வி திருப்பிப் போட்டது: விலையை மாற்றக்கூடியவர்கள் யார் யார்? 3.0-இல் வந்த வித்_பெர்ம் இதற்கு ஒரே வரியில் பதில் சொல்லும். இயல்பாக இயங்கும் நிலையிலுள்ள யூசர்களை மட்டும் எடுக்கும், சூப்பர்யூசர்களையும் சேர்த்துக்கொள்ளும், இரண்டையும் மாற்றலாம். ஒன்றுக்கு மேற்பட்ட பேக்கெண்ட் அமைத்திருந்தால் எந்தப் பேக்கெண்ட் என்று சொல்லாதவரை பிழை காட்டும். மாதம் ஒருமுறை இந்தப் பட்டியலை அச்சிட்டு உரிமையாளர் மேசையில் வைப்பது, எந்தப் பாதுகாப்புக் கருவியை விடவும் பயன் தரும்.

குரூப் பெயரை நிரலில் நேரடியாக ஒப்பிட்டுச் சோதிக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். பெயரை அட்மினில் (ஜாங்கோவோடு வரும் நிர்வாகத் திரை) ஒருவர் மாற்றினால் எல்லாம் நின்றுவிடும் என்பது எல்லோருக்கும் தெரிந்த காரணம். தமிழில் பெயர் வைத்தால் இன்னொரு காரணமும் சேரும். "கொள்முதல்" என்பதன் முதல் எழுத்தில் வரும் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலும் என்று இரண்டு குறியீடாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுதான். டேட்டாபேஸுக்கு இரண்டும் வேறு. யூசர்நேமை ஜாங்கோ தானே சீர்செய்துகொள்ளும், குரூப் பெயரைச் செய்யாது. குரூப் பெயர் தனித்தன்மையுடன் இருக்க வேண்டும் என்ற விதி இருந்தும், போஸ்ட்கிரெஸ்கியூஎல்லில் "கொள்முதல்" இரண்டு முறை வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒன்றில் பெர்மிஷன், இன்னொன்றில் ஆட்கள். பைத்தானின் யூனிகோட்டேட்டா தொகுப்பில் உள்ள நார்மலைஸை என்எஃப்சி முறையில் (பிரிந்த குறியீடுகளை ஒன்றாக்கும் முறை) ஓட்டி, குரூப் சேமிக்கும் படிவத்திலேயே பெயரைச் சீராக்கிவிடுங்கள். நிரலில் பெர்மிஷன் பெயரையே கேளுங்கள். குரூப் பெயர் மனிதர்கள் படிக்க மட்டும் இருக்கட்டும்.

பேசாமல் தவறும் இடங்கள்

பெர்மிஷன் பெயரில் எழுத்துப்பிழை இருந்தால் ஹேஸ்_பெர்ம் பிழை எழுப்பாது. இல்லை என்று சொல்லும். சூப்பர்யூசருக்கோ எந்தப் பெயரைக் கொடுத்தாலும், அப்படி ஒரு பெர்மிஷனே இல்லாவிட்டாலும், ஆம் என்று சொல்லும். இந்த இரண்டும் சேரும்போதுதான் வினை. எழுதுபவர் சூப்பர்யூசராக உள்ளே போய்ச் சொடுக்கிப் பார்ப்பார், எல்லாம் ஓடும். அறுப்புக் காலத்தின் முதல் நாள் காலையில் கொள்முதல் குரூப் ஆள் பொத்தானை அழுத்துவார், 403 (அனுமதி இல்லை என்ற பதில்) வரும். வெளியே லாரி வரிசையில் நிற்கும். ஆகவே குரூப்புக்கு ஒரு யூசர் வீதம் சோதனை யூசர்களை வைத்துக்கொண்டு, அவர்களாக மட்டுமே நுழைந்து பார்ப்பது கட்டாயம். பெர்மிஷன் பெயர்களை எல்லாம் ஒரே கோப்பில் மாறிலிகளாக எழுதி, அவை ஒவ்வொன்றும் டேட்டாபேஸில் உண்டா என்று பார்க்கும் ஒரு டெஸ்டும் எழுதிவிட்டால் இந்த வகைத் தவறு முழுதாக ஒழியும்.

ஹேஸ்_பெர்முக்கு இரண்டாவதாக ஒரு ஆப்ஜெக்டையும் கொடுக்கலாம். "இந்த ரசீதை இவர் மாற்றலாமா" என்று கேட்பது போலத் தோன்றும். கூடவே வரும் மாடல்பேக்கெண்டுக்கு ஆப்ஜெக்ட் கணக்கே தெரியாது. ஆப்ஜெக்ட் கொடுத்த உடனே, குரூப்பில் உரிமை இருந்தாலும் இல்லை என்றுதான் சொல்லும். ஆப்ஜெக்டைச் சேர்த்தால் சோதனை இன்னும் நுணுக்கமாகும் என்று நினைத்து எழுதிய நிரல், எல்லோரையும் வெளியே தள்ளிவிடும்.

வியூவுக்கு (இங்கே பெர்மிஷன் அல்ல, பக்கத்தைத் தரும் நிரல்) மேலே எழுதும் பெர்மிஷன்_ரிக்வயர்டு டெகரேட்டரை அப்படியே போட்டால், உரிமை இல்லாதவர் உள்ளே நுழைந்திருந்தாலும் அவரை லாகின் பக்கத்துக்கே அனுப்பும். ஏற்கெனவே நுழைந்தவரைத் திருப்பி அனுப்பும்படி லாகின் பக்கத்தையும் அமைத்திருந்தால், இரண்டும் மாறி மாறி அனுப்பி, பிரவுசர் கடைசியில் கைவிட்டுவிடும். ரெய்ஸ்_எக்ஸெப்ஷனை ட்ரூ என்று கொடுத்தால் நேராக 403. கிளாஸ் வடிவ வியூக்களுக்கான பெர்மிஷன்ரிக்வயர்டுமிக்ஸின் நுழைந்தவருக்கு 403-ஐயே கொடுக்கும். ஒரே வேலைக்கு இரண்டு கருவி, இரண்டு நடத்தை. இது ஜாங்கோவின் குறைதான் என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை. 403 பக்கத்தைத் தமிழில் எழுதி, "இந்த வேலைக்கு உங்களுக்கு அனுமதி இல்லை, மேலாளரைக் கேளுங்கள்" என்று போட்டுவிட்டால் பாதி தொலைபேசி அழைப்பு குறையும்.

டெம்ப்ளேட்டில் பெர்ம்ஸ் என்ற மாறி மூலம் பொத்தானை மறைக்கலாம். மறைத்தது மட்டும் போதாது, அந்தப் பொத்தான் போகும் வியூவிலும் சோதனை வேண்டும். முகவரியைத் தட்டச்சு செய்பவரைப் பொத்தான் தடுக்காது.

கைப்பேசிச் செயலிக்காக ஜாங்கோ ரெஸ்ட் ஃபிரேம்வொர்க் என்ற தனித் தொகுப்பைச் சேர்ப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். அதன் ஜாங்கோமாடல்பெர்மிஷன்ஸ் கிளாஸ், போஸ்டுக்கு ஆட், புட்டுக்கும் பேட்சுக்கும் சேஞ்ச், டெலிட்டுக்கு டெலிட் என்று சரியாகப் பொருத்தும். படிக்க மட்டும் அனுப்பும் கெட் வேண்டுகோளுக்கு எதிரே வெற்றுப் பட்டியல். அதாவது வியூ பெர்மிஷன் இல்லாத எடைமேடை ஆளும், உள்ளே நுழைந்திருந்தால் போதும், எல்லாப் பட்டுவாடாவையும் படித்துவிடலாம். பெர்ம்ஸ்_மேப்பை உங்கள் சொந்த கிளாஸில் நகலெடுத்து, கெட்டுக்கு வியூவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நகலெடுக்காமல் மூல அகராதியையே மாற்றினால் மற்ற இடங்களிலும் அது எதிரொலிக்கும்.

புது சர்வரில் காலியாக நிற்கும் குரூப்

நான்கு குரூப்பையும் மைக்ரேஷனில் உருவாக்கி, பெர்மிஷனையும் அங்கேயே சேர்ப்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி. எழுதியவரின் கணினியில் ஓடும். புது சர்வரில் ஓடாது. காரணம், பெர்மிஷன் ரெக்கார்டுகள் மைக்ரேஷனுக்குள் உருவாவதில்லை. எல்லா மைக்ரேஷனும் முடிந்த பிறகு எழும் போஸ்ட்_மைக்ரேட் சிக்னலில்தான் உருவாகின்றன. எழுதியவரின் கணினியில் அவை முந்தின வாரமே உருவாகிவிட்டவை. புது சர்வரில் உங்கள் மைக்ரேஷன் தேடும்போது அவை இன்னும் பிறக்கவில்லை. கெட் போட்டிருந்தால் பிழையாவது தெரியும். ஃபில்டர் போட்டிருந்தால் காலிக் குரூப் உருவாகி, மைக்ரேஷன் "முடிந்தது" என்று சொல்லிவிடும்.

நல்ல வழி தனி மேனேஜ்மென்ட் கமாண்ட் (கட்டளை வரியில் ஓட்டும் சிறு நிரல்). குரூப் பெயர், அதற்கான பெர்மிஷன்கள் என்று ஒரு அகராதி. ஒவ்வொன்றையும் ஆப் பெயரும் கோட்நேமும் கொண்டு எடுத்து, ஒன்று கிடைக்காவிட்டாலும் பிழை காட்டி நிறுத்தி, கிடைத்ததை செட் மூலம் குரூப்பில் வைக்க வேண்டும். ஒவ்வொரு முறை மைக்ரேட் ஓட்டியதும் இதை ஓட்டுங்கள். எத்தனை முறை ஓட்டினாலும் விளைவு ஒன்றே. ஒன்றை மட்டும் முன்கூட்டியே தீர்மானியுங்கள்: குரூப்பின் உரிமையை வைத்திருப்பது நிரலா, அட்மின் திரையா? நிரல் என்றால், மேலாளர் அட்மினில் சேர்த்த பெர்மிஷனை அடுத்த முறை செட் துடைத்துவிடும். இரண்டு பேரும் வைத்திருக்கலாம் என்று விடுவதுதான் மோசமான முடிவு.

ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு டம்ப்டேட்டா (டேட்டாவைக் கோப்பாக எடுக்கும் கட்டளை) மூலம் குரூப்பை எடுத்துப் போகிறவர்கள் நேச்சுரல் ஃபாரின் விருப்பத்தை மறக்கக் கூடாது. அது இல்லாமல் எடுத்தால் பெர்மிஷன் வெறும் எண்ணாகப் போகும். இங்கே 37 ரசீதின் வியூ என்றால் அங்கே 37 விலையின் சேஞ்சாக இருக்கலாம். ஏற்றும்போது எந்தப் பிழையும் வராது என்பதால் இது ஆபத்து.

மாடலின் பெயரை மாற்றினால் வருவது வேறு சிக்கல். 5.2-இல் மாடல் பெயர் மாறினாலும் பழைய பெர்மிஷனின் கோட்நேம் மாறாது. புதுப் பெயரில் நான்கு பெர்மிஷன்கள் கூடுதலாக உருவாகும், குரூப்பிடம் இருப்பதோ பழையவை. மெட்டாவிலிருந்து நீக்கிய பெர்மிஷனும் டேட்டாபேஸில் அப்படியே கிடக்கும், அதன் விளக்கப் பெயரை மாற்றினாலும் பழைய பெயரே நிற்கும். புதிதாகச் சேர்ப்பதைத் தவிர வேறு எதையும் இந்த அமைப்பு தானாகச் செய்வதில்லை. பெயர் மாற்றும் மைக்ரேஷனிலேயே கோட்நேமையும் மாற்றும் ஒரு அடியைச் சேர்த்துவிடுவது நல்லது.

அம்பை ரசீதும் சேர்மாதேவி ஆளும்

கிளைக்கொரு குரூப் என்று சிலர் தொடங்குவார்கள்: அம்பை-கொள்முதல், சேர்மாதேவி-கொள்முதல், பேட்டை-கொள்முதல். நான்கு வேலை, மூன்று கிளை, 12 குரூப். இவ்வளவு செய்தும் பயன் இல்லை. சேர்மாதேவி-கொள்முதல் குரூப்பிடம் இருப்பதும் அதே "ரசீதை மாற்றலாம்" என்ற பெர்மிஷன்தான். எந்த ரசீதை என்று அதற்குத் தெரியாது.

மண்டிக்குப் பொருத்தமானது எளிய வழி. ரசீதில் கிளை என்ற ஃபாரின் கீ (கிளை அட்டவணையைச் சுட்டும் புலம்), யூசர் விவரத்தில் அவர் எந்தெந்தக் கிளை என்ற உறவு. எல்லா வியூவும் ஒரே மேனேஜர் முறை வழியாக, யூசரின் கிளைகளுக்குள் உள்ள ரசீதுகளை மட்டும் எடுக்க வேண்டும். தனி ரசீதைத் திறக்கும்போதும் அதே வடிகட்டிய தொகுப்பிலிருந்தே தேடுங்கள். வேறு கிளை ரசீது எண்ணைத் தட்டச்சு செய்தால் 404 வரும், அப்படி ஒரு ரசீது உண்டு என்பதுகூட வெளியே தெரியாது. வேலையைக் குரூப் பெர்மிஷன் பார்க்கட்டும், ஊரை இந்த வடிகட்டி பார்க்கட்டும். அட்மினில் கெட்_குவரிசெட்டை மாற்றியதோடு பலரும் நிறுத்திவிடுகிறார்கள். படிவத்துக்குள் வரும் தேர்வுப் பட்டியல் அதனால் கட்டுப்படாது. ஃபார்ம்ஃபீல்டு_ஃபார்_ஃபாரின்கீயையும் எழுதாவிட்டால், பட்டுவாடா படிவத்தின் ரசீதுப் பட்டியலில் மூன்று கிளையும் வந்து நிற்கும்.

ஆப்ஜெக்ட் வாரியாக உரிமை கொடுக்க ஜாங்கோ-கார்டியன் என்ற தனித் தொகுப்பு உண்டு. நல்ல தொகுப்பு, ஆனால் இந்த வேலைக்கு அல்ல. ஒரு ஆப்ஜெக்ட், ஒரு பெர்மிஷன், ஒரு குரூப் சேர்ந்தால் ஒரு வரி என்று அது எழுதி வைக்கும். 3,000 ரசீது, இரண்டு பெர்மிஷன், இரண்டு குரூப் என்றால் 12,000 வரிகள். ரசீதை அழித்தால், பொது வகை உறவில் வைத்த வரிகள் அநாதையாக நிற்கும். அவற்றைத் துடைக்க அதிலேயே ஒரு கமாண்ட் இருக்கிறது, நினைவாக ஓட்ட வேண்டும். பொதுவாகக் கொடுத்த பெர்மிஷனும் ஆப்ஜெக்டோடு கேட்கும்போது தானாகச் சேராது, இரண்டையும் தனித்தனியே கேட்டு, "அல்லது" என்று இணைத்துக்கொள்ள வேண்டும். ஆவணத்துக்கு ஆவணம் வேறு வேறு ஆட்கள் பார்க்கும் வழக்கறிஞர் அலுவலக மென்பொருளுக்கு இது சரி. விதியாகவே சொல்லிவிட முடிகிற இடத்தில் வரி வரியாக எழுதி வைப்பது வீண்.

கார், பிசானம், தற்காலிக ஆட்கள்

தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் என்ற இரண்டு நெல் பருவ அறுப்புக்கும் மண்டியில் ஆள் கூடும். எடைமேடைக்கு இரண்டு மாதத்துக்கு மட்டும் நான்கு பேர் வருவார்கள். குரூப் உறுப்பினர் உறவில் "இந்தத் தேதி வரை" என்று குறிக்க ஜாங்கோவில் இடமே இல்லை. பிசானம் முடிந்து போனவர் அடுத்த கார் வரையிலும் எடைச்சீட்டு போடும் உரிமையோடு இருப்பார். யூசர், குரூப், முடியும் தேதி என்று மூன்று புலம் கொண்ட சிறு மாடல் ஒன்றை வைத்து, தினமும் இரவில் ஓடும் ஒரு கமாண்ட், தேதி கடந்தவர்களைக் குரூப்பிலிருந்து நீக்கட்டும். யூசரை அழிக்க வேண்டாம். இஸ்_ஆக்டிவ் (கணக்கு இயங்குகிறதா என்ற குறி) டிக்கை எடுத்துவிட்டால் எல்லா பெர்மிஷனும் ஒரே அடியில் போகும், அவர் போட்ட பழைய எடைச்சீட்டில் பெயர் மட்டும் நிற்கும்.

அட்மின் திரை

குரூப்புக்குப் பெர்மிஷன் சேர்க்கும் திரை இரண்டு பெட்டிகளாக, தேடும் வசதியோடு வரும். 48 பெர்மிஷனுக்குத் தாராளம். ஆனால் பெர்மிஷனின் விளக்கப் பெயர் டேட்டாபேஸில் ஆங்கிலமாகவே எழுதப்படுவது. அட்மினைத் தமிழுக்கு மாற்றினாலும், மாடலுக்குத் தமிழில் பெயர் வைத்திருந்தாலும், "கேன் சேஞ்ச் ரசீது" என்று பாதி ஆங்கிலமாகத்தான் நிற்கும். மேலாளர் தாமே குரூப்பைக் கையாள வேண்டும் என்றால், படிவத்தில் லேபிள்_ஃப்ரம்_இன்ஸ்டன்ஸை மாற்றி "ரசீது: திருத்த" என்று தமிழில் காட்டுங்கள். பத்து வரி நிரல், பலன் அதிகம்.

மேலாளர் புது ஆட்களைச் சேர்க்கட்டும் என்று யூசர் மாடலில் சேஞ்ச் பெர்மிஷனைக் கொடுப்பது மிக இயல்பாக நடப்பது. அதைப் பெற்றவர் தம் பக்கத்தைத் திறந்து சூப்பர்யூசர் பெட்டியில் டிக் போட்டுக்கொள்ளலாம், அட்மின் தடுக்காது. யூசர்அட்மினில் கெட்_ரீட்ஒன்லி_ஃபீல்ட்ஸை எழுதி, கேட்பவர் சூப்பர்யூசர் இல்லையென்றால் இஸ்_சூப்பர்யூசர், யூசர்_பெர்மிஷன்ஸ் இரண்டையும் படிக்க மட்டும் என்று ஆக்குங்கள். குரூப் புலத்தைத் திறந்து வைத்தால், மேலாளருக்கும் மேலான குரூப் ஒன்று அந்தப் பட்டியலில் வராதபடி தேர்வுகளையும் வடிகட்ட வேண்டும்.

அட்மினின் மாற்றப் பதிவை நம்பித் தணிக்கை செய்ய முடியாது. "பெர்மிஷன்ஸ் மாற்றப்பட்டது" என்று புலத்தின் பெயரை மட்டும் எழுதும். எது சேர்ந்தது, எது போனது என்று எழுதாது. எம்2எம்_சேஞ்ச்டு சிக்னலைப் பிடிக்கலாம், ஆனால் செய்தவர் யார் என்று அந்தச் சிக்னலுக்குத் தெரியாது. குரூப்அட்மினின் சேவ்_ரிலேட்டடு முறைதான் இதற்கு ஏற்ற இடம், அங்கே வேண்டுகோளும் கையில் இருக்கும். மூல முறையை அழைப்பதற்கு முன் குரூப்பின் பெர்மிஷன்களை எடுத்து வைத்து, அழைத்த பின் மறுபடி எடுத்து, இரண்டின் வேறுபாட்டை யூசர் பெயரோடும் நேரத்தோடும் தனி அட்டவணையில் எழுதுங்கள். யூசர்அட்மினில் குரூப் புலத்துக்கும் இதையே செய்யுங்கள். அந்த அட்டவணைக்கு ஆட், சேஞ்ச், டெலிட் மூன்றையும் யாருக்கும் கொடுக்காமல், வியூ மட்டும் உரிமையாளருக்குக் கொடுங்கள். சூப்பர்யூசருக்கு இந்தப் பூட்டு பொருந்தாது என்பதால், அந்த மாடலின் அட்மினில் சேஞ்ச், டெலிட் சோதனை முறைகளையும் ஃபால்ஸ் என்றே எழுதிவிடுங்கள்.